ஏவுகணைத் தடுப்பும் உண்மை காண்பதன் சிக்கலும்

பாலிஸ்டிக் ஏவுகணை ஒன்று இலக்கை அடையும் முன்பே அதை வானில் அழிக்க உருவாக்கப்படும் அமைப்பு ஏவுகணைத் தடுப்பு அமைப்பு எனப்படும். அப்படி ஓர் அமைப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு உலகில் எந்த நாட்டிலும் எல்லோரும் ஏற்கும் விடை கிடைத்ததில்லை. அமைப்பை உருவாக்குவோர், வாங்குவோர், எதிர்ப்போர், எதிரி நாட்டார் என எல்லாத் தரப்பும் பேசுகின்றன. சான்றுகளோ பெரும்பாலும் ஒரே தரப்பின் கையில் இருக்கின்றன.

இந்தியத் திட்டம்

பாகிஸ்தான் 1998 ஏப்ரலில் கௌரி ஏவுகணையைச் சோதித்த பின், இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு (டி.ஆர்.டி.ஓ.) தடுப்புத் திட்டத்தைத் தீவிரமாகத் தொடங்கியது. திட்டம் ஈரடுக்கு கொண்டது. பிருத்வி வான்பாதுகாப்பு ஏவுகணை (பி.ஏ.டி.) வளிமண்டலத்துக்கு மேலே, உயரத்தில் தாக்கும். அதைத் தப்பி வருவதை மேம்பட்ட வான்பாதுகாப்பு ஏவுகணை (ஏ.ஏ.டி.) வளிமண்டலத்துக்குள் தாக்கும். 2006 நவம்பர் 27 அன்று பி.ஏ.டி. சுமார் 50 கி.மீ. உயரத்தில் ஓர் இலக்கை வீழ்த்தியது. 2007 டிசம்பர் 6 அன்று ஏ.ஏ.டி. சுமார் 15 கி.மீ. உயரத்தில் அதைச் செய்தது. இரண்டிலும் இலக்காக வந்தது இந்தியாவின் சொந்தப் பிருத்வி ஏவுகணையே.

அதன் பின் வந்த சோதனைகள் ஒரே சீராக அமையவில்லை. 2010 மார்ச் 15 அன்று இலக்கு ஏவுகணை பாதை விலகியதால் தடுப்பு ஏவுகணை ஏவப்படவே இல்லை. 2015 ஏப்ரலில் ஒரு சோதனை தோல்வியுற்றது. அதே ஆண்டு நவம்பர் 22 சோதனையில் இலக்கு என்பது கணினி உருவாக்கிய மின்னணு இலக்கு. வானில் எந்த ஏவுகணையும் எதிரே வரவில்லை. இத்தகைய சோதனைக்குப் பொறியியல் பயன் உண்டு. வழிநடத்தும் மென்பொருளும் தகவல் தொடர்பும் சரியா என்று அது காட்டும். ஆனால் நாளிதழின் தலைப்பில் இதுவும் ‘வெற்றி’, 2007-இல் நடந்ததும் ‘வெற்றி’ என்றே வருகிறது. வாசகர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்.

2012 மே மாதம் டி.ஆர்.டி.ஓ. தலைவராக இருந்த வி. கே. சரஸ்வத், முதற்கட்ட அமைப்பு தயார் என்றும், குறுகிய காலத்தில் இரு நகரங்களைக் காக்க அதை நிறுத்த முடியும் என்றும் தெரிவித்தார். சோதனைத்தளத்தில் கிடைத்த வெற்றியும் நகரத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பது விமர்சகர்களின் பதில். (இரு நகரங்கள் என்றால் நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூர் போன்ற ஊர்களுக்கு அந்தக் கவசம் எட்டாது என்பது தனி. ஆனால் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்றாகச் சேலம் இருப்பதால், அத்துறையின் பணமும் வேலைவாய்ப்பும் அப்பகுதியினருக்குத் தொலைவான பேச்சு அல்ல.)

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஓர் அடுக்கு பத்தில் ஒன்பது முறை வெல்லும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அடுக்குகள் சேர்ந்து நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை வெல்லும் என்று கணக்கு வரும். இது சரியாக இருக்க, ஒன்றின் தோல்விக்கும் மற்றதன் தோல்விக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. நடைமுறையில் இரண்டு அடுக்குகளுக்கும் இலக்கைக் காட்டுவது ஒரே ராடார். ராடார் ஏமாந்தால் இரண்டும் சேர்ந்தே ஏமாறும்.

சோதனை எண்ணிக்கையும் ஒரு தடை. பத்துச் சோதனை நடத்திப் பத்தும் வென்றாலும், அமைப்பின் உண்மையான வெற்றி வீதம் சுமார் 74 விழுக்காட்டுக்கு மேல் என்று மட்டுமே 95 விழுக்காடு உறுதியுடன் கூற முடியும். ஏவுகணைச் சோதனைக்குச் செலவு அதிகம் என்பதால் நூற்றுக்கணக்கில் நடத்த இயலாது. ஆகவே நல்லெண்ணம் கொண்ட இரு நிபுணர்கள்கூட ஒரே தரவைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வரலாம்.

போலி இலக்குப் பிரச்சினை இதைவிடக் கடினம். வளிமண்டலத்துக்கு வெளியே காற்றுத் தடை இல்லாததால், கனமான வெடிமுனையும் லேசான பலூனும் ஒரே வேகத்தில் செல்லும். எது வெடிமுனை என்று தடுப்பு ஏவுகணை கண்டுபிடிக்க வேண்டும். எதிரி எத்தகைய போலியை அனுப்புவார் என்பது எதிரிக்கு மட்டுமே தெரியும். நேரமும் இல்லை. இந்தியா–பாகிஸ்தான் இடையே ஏவுகணைப் பறப்பு நேரத்தை ஆராய்ந்த இயற்பியலாளர்கள் ஜியா மியான், ஆர். இராஜாராமன், எம். வி. ரமணா ஆகியோர், வட இந்திய நகரங்களுக்கு அது பத்து நிமிடத்துக்கும் குறைவு எனக் காட்டினர்.

பேட்ரியாட் விவாதம்

உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட வழக்கு 1991 வளைகுடாப் போரில் பயன்பட்ட அமெரிக்க பேட்ரியாட். ஈராக்கின் 42 ஸ்கட் ஏவுகணைகளில் 41 இடைமறிக்கப்பட்டன என்று அதிபர் ஜார்ஜ் புஷ் பிப்ரவரி 15 அன்று பேட்ரியாட் ஆலையில் அறிவித்தார். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 25 அன்று, தஹ்ரானில் ஒரு ஸ்கட் விழுந்து 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அங்கிருந்த பேட்ரியாட் கணினி சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் இயங்கியதால், அதன் கடிகாரத்தில் மூன்றில் ஒரு வினாடி அளவுக்குப் பிழை சேர்ந்திருந்தது. வந்த ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது.

எம்.ஐ.டி. பேராசிரியர் தியோடர் போஸ்டலும் ஜார்ஜ் லூயிஸும் தொலைக்காட்சிப் பதிவுகளை ஆராய்ந்து, வெடிமுனைகள் அழிக்கப்பட்டதற்கு ஏறத்தாழ எந்தச் சான்றும் இல்லை என்றனர். மறுதரப்பின் ஆட்சேபமும் வலுவானது. தொலைக்காட்சிக் கேமரா வினாடிக்கு 30 படம் எடுக்கும். வினாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் வரும் ஏவுகணை இரு படங்களுக்கிடையே 60 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்; மோதலை அது எப்படிக் காட்டும்? 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம், வலுவான சான்று உள்ளவை சுமார் 9 விழுக்காடு மட்டுமே என்றது. மீதி 91 விழுக்காடும் தோல்வி என்பது அதன் பொருள் அல்ல. பதிவு இல்லை என்பதே பொருள். பதிவுக் கருவியை இணைத்தால் அமைப்பு திடீரென நின்றுவிடுமோ என்று தளபதிகள் அஞ்சியதால் அவை பயன்படுத்தப்படவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த நாடாளுமன்ற விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. ‘இடைமறித்தது’ என்று இராணுவம் சொன்னது இரண்டின் பாதைகளும் வானில் குறுக்கிட்டதைத்தான். கேட்ட மக்களோ ஸ்கட் அழிந்தது என்று புரிந்துகொண்டிருந்தனர். ஓராண்டு விவாதத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லின் மேல் நின்றது.

யார் சரிபார்ப்பது?

அமெரிக்காவில் படைத்துறைக்குள்ளேயே தனிச் சோதனை மதிப்பீட்டு இயக்குநர் அலுவலகம் 1983 முதல் உண்டு. அது ஆண்டறிக்கை வெளியிடுகிறது. இந்தியாவில் டி.ஆர்.டி.ஓ. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்றுள்ளது. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவல் மட்டுமே விதிவிலக்கு. இதற்கு நியாயமான காரணமும் உண்டு: அமைப்பின் பலவீனத்தை வெளியிட்டால் எதிரி அதைப் பயன்படுத்துவார்.

இரகசியத்துக்குள்ளும் வெளியார் தணிக்கை இயலும் என்பதற்கு ஆகாஷ் ஏவுகணை சான்று. அது விமானங்களை எதிர்க்கும் வேறு வகை. சோதிக்கப்பட்ட 20 ஆகாஷ் ஏவுகணைகளில் 6 தோல்வியுற்றன என்று 2017-இல் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் (சி.ஏ.ஜி.) அறிக்கை எண்ணுடன் கூறியது. 1998 பொக்ரான் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் அப்படி நடக்கவில்லை. எதிர்பார்த்த ஆற்றல் கிடைக்கவில்லை என்று அச்சோதனையில் பங்கேற்ற கே. சந்தானம் 2009-இல் கூற, ஆர். சிதம்பரமும் அனில் ககோத்கரும் மறுத்தனர். மூவருமே உள்ளிருந்து அறிந்தவர்கள். தரவு வெளியாகாததால் இரு கூற்றுகளும் இன்றும் அருகருகே நிற்கின்றன.

எதிரி நாடு இந்த விவாதத்தை வேறு விதமாகப் படிக்கிறது. தடுப்பு அரைகுறையாக வேலை செய்தாலும், முழுமையாக வேலை செய்யும் என்று கருதியே அது திட்டமிடும். 2017 ஜனவரியில் பல வெடிமுனை ஏந்தும் அபாபீல் ஏவுகணையைச் சோதித்தபோது, வட்டாரத்தில் வளரும் ஏவுகணைத் தடுப்பையே பாகிஸ்தான் காரணமாகக் காட்டியது.

2025 மே மோதலுக்குப் பின் இரு நாடுகளும் ஒன்றன் வான்பாதுகாப்பையும் விமானங்களையும் மற்றது அழித்ததாக அறிவித்தன. ஆதம்பூரில் எஸ்-400 அழிந்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. மே 13 அன்று பிரதமர் மோடி அத்தளத்துக்குச் சென்று, அந்த ஏவுகலம் பின்னணியில் தெரியப் பேசினார். ஆறு பாகிஸ்தான் வானூர்திகள் வீழ்ந்ததாக ஆகஸ்டில் இந்திய விமானப்படைத் தளபதி ஏ. பி. சிங் கூறியபோது, இரு நாடுகளும் தம் விமான இருப்பைச் சார்பற்ற சரிபார்ப்புக்குத் திறக்கட்டும் என்று பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிப் சவால் விட்டார். அத்தகைய சரிபார்ப்பு நடக்கவில்லை. சில நாள்களில், ஆகஸ்ட் 15 அன்று, 2035-க்குள் நாடு தழுவிய பாதுகாப்புக் கவசம் அமைக்கும் ‘சுதர்சன சக்கரம்’ திட்டத்தை இந்தியா அறிவித்தது.