ரிப்போர்ட் 'நார்மல்'தானே, கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

"ரிப்போர்ட்டுல எல்லாம் நார்மலா இருக்கே, இனி எதுக்கு மாத்திரை?" மாரடைப்பு வந்து மீண்ட அப்பா இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரமானாலும் பீடோங் பக்கத்துத் தோட்டமானாலும் இது நம் வீட்டுக் கேள்விதான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு அதிகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது.

'நார்மல்' ஏன் போதாது?

மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.2 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் ரிப்போர்ட்டில் பொதுவாக எச்சரிக்கைக் குறி விழாது. அது எல்லாருக்கும் பொதுவான எல்லை. மாரடைப்பு வந்தவருக்கு முக்கியம் எல்டிஎல், அதாவது ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் 'கெட்ட' கொலஸ்ட்ரால். அவருக்கு அது 1.4க்குக் கீழ் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

அப்பாவின் மொத்தம் 4.2, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 0.9, டிரைகிளிசரைடு 2.6 என்று வைத்துக்கொள்வோம். டிரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து, அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்தில் கழித்தால் எல்டிஎல் சுமார் 2.1. மொத்தம் 'நார்மல்'தான், ஆனால் எல்டிஎல் இலக்கைவிட ஒன்றரை மடங்கு!

இனிப்புநீர் இருந்தால்?

டிரைகிளிசரைடு அதிகமாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டலாம். அப்போது 'நான்-எச்டிஎல்' உதவும். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் போதும்: 4.2 − 0.9 = 3.3. மாரடைப்பு வந்தவருக்கு இலக்கு 2.2க்குக் கீழ். இதற்குப் பட்டினியாகப் போகத் தேவையில்லை. 'அபோ-பி' என்றொரு சோதனையும் உண்டு. எல்டிஎல் சரக்கின் அளவைச் சொல்கிறது என்றால், அபோ-பி லாரிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது.

யூடியூப்பில் 70 என்கிறார்களே?

தமிழ்நாட்டு டாக்டர்கள் சொல்வது வேறு அளவுமுறை. நம் எண்ணை 38.7ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். அங்கே 70 என்றால் இங்கே 1.8.

நிறுத்தினால்?

எண் குறைந்தது மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய நிலைக்கே ஏறிவிடும். தசைவலி இருந்தாலும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றலாம். மாற்றிய 4 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் ரத்தம் சோதிக்க வேண்டும். எல்டிஎல் அப்படியும் இறங்காவிட்டால் எசெட்டிமைப் போன்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள்.

அடுத்த முறை அப்பாவோடு கிளினிக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: "டாக்டர், அப்பாவோட எல்டிஎல் இப்போ எவ்வளவு, எவ்வளவுக்குக் கீழ இருக்கணும்?"