உங்களுக்குத் தெரியுமா? இரு மடங்கு எடையில் பழகிய உரோம வீரர்கள்

உரோமப் படையில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் இரும்பு வாள் கிடைக்காது. அசலைவிட இரு மடங்கு எடையுள்ள மரவாளும் பிரம்புக் கேடயமும்தான்! ஆறடிக் கம்பத்தை எதிரியாக எண்ணி, காலையிலும் பிற்பகலிலும் குத்திப் பழகுவார். வீசி வெட்டக் கூடாது. கையை ஓங்கினால் விலாப்புறம் எதிரிக்குத் திறந்துவிடும்.

கோடைப் பகலில் 5 மணி நேரத்துக்குள் 20 உரோம மைல், அதாவது ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நடக்க வேண்டும் என்கிறார் வெகேட்டியஸ் என்ற உரோம எழுத்தாளர். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் நடந்தால் செட்டிபாளையத்தையும் தாண்டிவிடும் தூரம் அது! எதிரி நாட்டில் என்றால், அகழி வெட்டி அரண் எழுப்பிய பிறகே ஓய்வு.

கிரேக்கரையும் இந்த உரோமரையும் யவனர் என்றனர் பண்டைத் தமிழர். சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில் தமிழ் மன்னனின் பாசறையிலும் யவனர்கள் இருக்கிறார்கள்.