ஈரல் விடுக்கும் எச்சரிக்கை

பதுளை, பசறை, தெமோதரைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்த்தோர் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். வாடவைத்த கொழுந்தைப் பொறியிலிட்டு நசுக்கியதும் பச்சை நிறம் மறைந்து செம்பு நிறம் தோன்றுகின்றது. இலையின் நுண்ணிய கலங்கள் உடைய, அவற்றுள் அடைபட்டிருந்த நொதியங்கள் வெளிப்பட்டு இலைச்சாற்றோடும் காற்றோடும் கலப்பதே இதற்குக் காரணம்.

இதனையொத்த நிகழ்ச்சி பெருங்குடியரின் ஈரலிலும் நடைபெறுகின்றது. உட்கொண்ட மதுவின் பெரும்பகுதியைச் சிதைத்து அகற்றுவது ஈரலே. சாராயமாயினும் கசிப்பாயினும், நாள்தோறும் அளவின்றி அருந்துங்கால் ஈரற் கலங்கள் நலிந்து சிதைகின்றன; அவற்றின் நொதியங்கள் குருதியிற் கசிகின்றன. இத்தகைய நொதியங்களைக் குருதியில் அளக்கும் முறையை 1955ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் கார்மன் முதலிய அறிஞர் வகுத்தனர்.

இன்று வைத்தியர்கள் மூன்றினைச் சிறப்பாக நோக்குவர். ஏ.எஸ்.ரீ., ஏ.எல்.ரீ. ஆகிய இரண்டும் கலங்கள் சிதைவதைக் காட்டும். முன்னது பின்னதைப்போல் இரு மடங்குக்கு மேற்படின், குடியே காரணம் என்னும் ஐயம் வலுக்கும். மூன்றாவதான ஜீ.ஜீ.ரீ. நெடுநாட் குடியால் உயர்வது. குடியை நிறுத்தின் சில வாரங்களில் தாழ்வது.

இவ்வெண்களுக்கு இத்துணை மதிப்பு ஏன்? ஈரல் நோயின் தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இல்லை. கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் சேர்ந்த பின்னரே வைத்தியசாலையை நாடுவோர் பலர். அப்பொழுது ஈரல் வடுவேறி இறுகியிருக்கும். அது முற்றாக மாறுதல் அரிது. கொழுப்புப் படிந்த தொடக்க நிலையிலோ, குடியை விட்டதும் ஈரல் தானே தேறத் தொடங்கும்.

எனினும் எண்களை மட்டும் நம்புதல் தகாது. உடற்பருமன், நீரிழிவு, ஈரலைத் தாக்கும் தொற்றுகள், சில மருந்துகள் ஆகியவையும் நொதியங்களை உயர்த்தும். ஆதலின் குடியாதவரைக் குடிகாரர் எனப் பழித்தலாகாது. மறுபுறம், முற்றிய நோயிலும் இவை இயல்பளவில் நிற்றல் உண்டு. "கணக்குச் சரி" என்று மீண்டும் குடிக்கத் தொடங்குதல் பேதைமையாகும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நாள்தோறும் மிகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் நேரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் துணையோடு விடுதலே முறை.

ஊவாத் தோட்டங்களில் நாட்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அங்கே உழைக்கும் கை ஓய்ந்தால் அடுப்பும் ஓயும். தந்தையையோ தமையனையோ ஏசுவதால் பயனில்லை. வலியில்லாத காலத்திலேயே அன்போடு வைத்தியரிடம் அழைத்துச் சென்று குருதியைச் சோதிக்கச் செய்யுங்கள். நிறம் மாறிய கொழுந்து மீண்டும் பச்சையாவதில்லை. காலந் தாழ்த்தாதிருப்பின் ஈரலுக்கு மீட்சி உண்டு.