நம்பத்தகும் நினைவகம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி நோக்கி விரியும் நிலப்பரப்பு, வானம் பார்த்த பூமியாகும். குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் சில. மணல் மட்டுமே தோன்றும் நாள்கள் பல. கண்மாயில் தேங்கும் மழைநீரும், ஆழக் கிணற்றில் ஊறும் சிறிதளவு நீருமே உழவுக்குத் துணை. இத்தகைய நிலத்தில் வாழ்வோர், ஒரு பொருளை வாங்குமுன் பன்முறை ஆராயும் பழக்கமுடையவர். மாட்டை வாங்குவோர் அதன் பல்லைப் பார்த்து வயதறிவர். நடக்கவிட்டுக் கால் அறிவர். பருத்தி விதையைக் கையில் அள்ளிப் பார்ப்பர். கிணற்றுக்கு இடம் குறிக்குமுன் நாலு பேரைக் கேட்பர். ஆயினும், கணினிக்குரிய நினைவகத்தை வாங்கும்போது மட்டும், பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எழுத்துகளை அப்படியே நம்பிப் பணம் கொடுத்து வருவோர் அங்கும் பலர்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் பல, இன்று வீட்டின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. திறந்தால் எழுந்து வரப் பல நிமிடம் பிடிக்கிறது என்பதே அவற்றின்மீது சாட்டப்படும் குற்றம். பெரும்பாலும் குற்றம் கணினியின் மூளையில் இல்லை. அதனுள் சுழலும் வன்தட்டில் உள்ளது. அதனைக் கழற்றிவிட்டு, கடைத்தெருவில் எஸ்.எஸ்.டி. என வழங்கும் திண்ம நினைவகத்தைப் பொருத்தினால், அப்பழங்கணினி இன்னும் சில ஆண்டு பயன்படும். அதில் மகளின் திருமணப் படங்கள் இருக்கலாம். பட்டாவின் படி இருக்கலாம். நெசவாளர் ஒருவர் சேலைக் கரைக்கு வரைந்துவைத்த பூவேலை இருக்கலாம். கருவி பழுதானால் வேறொன்று வாங்கிவிடலாம். அதனுள் வைத்தவை அழிந்தால் வாங்குவதற்குக் கடையில்லை. ஆதலின் இத்தேர்வில் விரைவைக் காட்டிலும் நம்பகமே முதலிடம் பெறும்.

வன்தட்டு என்பது, நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலும் காந்தப் பூச்சுடைய தட்டு. அதன்மேல் தொடாமல் மிக நெருங்கிச் செல்லும் ஒரு முனை, எழுதவும் படிக்கவும் செய்கிறது. ஓடுகையில் கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிச் செய்தி கெடும். திண்ம நினைவகத்திலோ அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. இதனையும் வட்டு என்று சிலர் எழுதுவது பழக்கத்தால் வந்த வழு. இதனுள் வட்டமாகச் சுழல்வது எதுவும் கிடையாது.

இதன் உட்கூறு சிலிக்கன் சில்லுகளாலாயது. மின்னணுக்களைக் காப்பிட்ட சிறு அறையில் சிறைவைத்தால், மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே தங்கும் என்னும் அடிப்படை, 1967-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் தாவன் காங், சைமன் சே என்னும் இருவரால் காட்டப்பட்டது. ஜப்பானியப் பொறியாளராகிய புஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1987-ஆம் ஆண்டில் ‘நாண்ட்’ எனப்படும் அமைப்பை வெளியிட்டார். இன்று விற்கப்படும் திண்ம நினைவகங்கள் ஏறத்தாழ அனைத்தும் அவ்வழி வந்தவையே.

ஓர் அறையில் எத்தனை செய்தித் துணுக்குகளை வைப்பது என்பதில்தான் விலையும் தரமும் பிரிகின்றன. கண்மாயின் நீர்மட்டம் அறிய நட்ட அளவுக்கல்லை எடுத்துக்கொள்க. அதில் நிறைவு, வறட்சி என இரண்டு கோடுகள் மட்டும் இருப்பின், தொலைவில் நிற்பவனும் பிழையின்றிச் சொல்வான். அதே கல்லில் 8 கோடுகள் இருப்பின் கூர்ந்து நோக்கவேண்டும். 16 கோடுகள் இருப்பின், சிறிது நீர் கசிந்தாலும் ஒரு கோடு மாறித் தோன்றும். ஓர் அறையில் மூன்று துணுக்குகளை வைக்கும் டி.எல்.சி. வகை 8 நிலைகளையும், நான்கு துணுக்குகளை வைக்கும் கியூ.எல்.சி. வகை 16 நிலைகளையும் பிரித்தறிய வேண்டும். பின்னது விலை குறைவு. ஆனால் கசிவைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. அடிக்கடி எழுதும் கணினிக்கு டி.எல்.சி. வகையே தகும். எழுதிவைத்துப் பெரும்பாலும் படிக்க மட்டும் பயன்படும் இடத்தில் கியூ.எல்.சி. குற்றமன்று.

மற்றொரு தன்மையும் உண்டு. சிலேட்டில் ஒரு சொல் பிழையானால் அச்சொல்லை மட்டும் விரலால் அழிக்கலாம். இந்நினைவகத்தில் அவ்வாறு இயலாது. ஒரு பகுதி முழுவதையும் ஒருசேர அழித்த பின்னரே அவ்விடத்தில் புதிதாக எழுத முடியும். ஒவ்வோர் அழிப்பும் அறைச்சுவரைச் சிறிது தேய்க்கிறது. ஒரே இடம் மீண்டும் மீண்டும் தேயாமல் காப்பது கட்டுப்பாட்டுச் சில்லின் கடமை. கண்மாய்ப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி எனப்படுபவர் ஒரே வயலுக்கு நீரை விடாமல், முறைவைத்து எல்லா வயலுக்கும் திருப்புவாரன்றோ? அவர் நேர்மையாளராயின் ஊர் விளையும். அதுபோல் நினைவகத்தின் ஆயுள் அறைகளைப் பொறுத்தது பாதி. அவற்றை ஆளும் சில்லையும் அதற்குரிய மென்பொருளையும் பொறுத்தது பாதி. விளம்பரத்தில் இச்சில்லின் பெயர் அரிதாகவே காணப்படும்.

ஒரு நினைவகத்தில் எவ்வளவு எழுதலாம் என்பதை உற்பத்தியாளர் டி.பி.டபிள்யூ. என்னும் குறியீட்டால் அறிவிப்பர். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள நல்ல டி.எல்.சி. நினைவகத்திற்கு 600 டெராபைட் என்பது பலர் தரும் கணக்கு. வீட்டுக் கணினி நாளொன்றுக்கு 30 கிகாபைட் எழுதும் எனக் கொண்டால், அது தீர 20,000 நாள், அதாவது 54 ஆண்டுக்கு மேல் ஆகும். 200 டெராபைட் மட்டுமே குறித்த மலிவு வகையும் 18 ஆண்டு தாங்கும். ஆகவே, எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே என்று இல்லத்தார் அஞ்சுவது பெரும்பாலும் வீண் அச்சம். எண் பெரிதாக உள்ளதை நாடி இருமடங்கு விலை கொடுப்பதும் வீண் செலவே.

உண்மையான இடர்கள் வேறு. முதலாவது, திடீர் மரணம். வன்தட்டு பழுதாகுமுன் பலபோது கடகடவென ஒலியெழுப்பி எச்சரிக்கும். திண்ம நினைவகம் நேற்று நன்றாயிருந்து, இன்று கணினிக்கே புலப்படாமற் போகும். அதிலிருந்து செய்தியை மீட்பதும் அரிது. 2019-ஆம் ஆண்டில் ஹ்யூலட் பாக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம், தான் விற்ற சில நினைவகங்களின் உள்மென்பொருளில் பிழையுள்ளதென்றும், அவை சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழக்கும் என்றும் அறிவித்தது. அஃது ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு. ஒரே நாளில் பொருத்தியவை ஒரே நாளில் மாயும் என்பது அதன் கொடுமை. திருத்திய மென்பொருளை ஏற்றியோர் தப்பினர். அறைகள் தேயாமலே, கணக்கெழுதும் குறையால் மட்டும் கருவி சாகக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆதலின், வாங்கிய பின்னரும் மென்பொருளைப் புதுப்பித்துத் தரும் நிறுவனமா என்று பார்த்தல், வேகத்தைப் பார்த்தலினும் இன்றியமையாதது.

இரண்டாவது, மின்தடை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், எது எங்கே உள்ளது என்னும் அட்டவணையே சிதையக்கூடும். பெருநிறுவனங்களுக்குரிய நினைவகங்களில், அவ்வேளையில் எழுதி முடிக்கச் சிறிது மின்னாற்றலைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள் அமைந்திருக்கும். வீட்டு வகைகளில் அவை பெரும்பாலும் இரா. மடிக்கணினிக்கு அதன் மின்கலமே காவல். மின்கலம் செத்த பழைய மடிக்கணினியை நேரே சுவர்மின்சாரத்தில் ஓட்டுவோர், நினைவகத்தோடு மின்கலத்தையும் மாற்றுதல் நன்று. மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும்.

மூன்றாவது, போலி. 16 டெராபைட் என்று எழுதிச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுபவை உண்மையில் சிறு கொள்ளளவே உடையவை. கணினி கேட்டால் 16 என்றே பொய் கூறும். நிறைந்த பின் எழுதுவது முன்னதை அழித்துக்கொண்டே செல்லும். பதக்கு நெல் கொள்ளும் குதிரில் பத்துக் கோட்டை கொட்டியதாகக் கணக்கெழுதுவது போன்றதே அது. இதனினும் நுட்பமான ஏமாற்றமும் உண்டு. அதே பெயரில், அதே அட்டைப்பெட்டியில், உள்ளே மட்டும் மலிவான சில்லைச் சில பெயர்பெற்ற நிறுவனங்களே மாற்றி வைத்தமை 2021-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. முன்னாளில் ஒருவர் எழுதிய பாராட்டுரையை நம்பி இன்று வாங்குவோர் இதனை மறத்தலாகாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் கிணற்று மோட்டாரை இயக்கினால், இரவெல்லாம் ஊறிய நீர் முதலில் தாராளமாக வரும். பின்னர் ஊற்றுச் சுரக்கும் அளவே கிடைக்கும். மலிவு நினைவகமும் அத்தகையதே. பெட்டியில் குறித்த வேகம் தொடக்கத்தில் சிறிது நேரம் நிற்பது. நீண்ட படக்கோப்பை எழுதும்போது தளர்ந்துவிடும்.

இனிப் பொருத்தம். பழைய மடிக்கணினி பலவற்றுக்கு இரண்டரை அங்குல சாட்டா வகையே பொருந்தும். அவ்விணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட். அதற்குமேல் எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. புதிய கணினிகளில் எம்.2 என்னும் மெல்லிய பட்டை வடிவம் செருகப்படும். ஈண்டுப் பலர் இடறுவர். வடிவம் ஒன்றாயினும், சாட்டா மொழி பேசும் எம்.2 உண்டு, என்.வி.எம்.இ. மொழி பேசும் எம்.2 உண்டு. ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்று இயங்காது போகலாம். கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துச் சென்று கேட்டு வாங்கல் வேண்டும்.

விளையாட்டுக் கருவிகளுக்கும் இவ்வாறே. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 இரண்டரை அங்குல வகையை ஏற்கும். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எம்.2 என்.வி.எம்.இ. நான்காம் தலைமுறை வகையை ஏற்கும். அச்செருகுவாய் 2021 செப்டம்பரில் வந்த மென்பொருளால் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. நொடிக்கு 5,500 மெகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட படிக்கும் வேகத்தை சோனி பரிந்துரைக்கிறது. வெப்பம் போக்கும் உலோகத் தகடு கட்டாயம். தகட்டோடு சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் மூடி மூடாது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் வகைகளோ தமக்கென அமைந்த தனி அட்டையை வேண்டுகின்றன.

வெப்பத்தைக் குறித்து இப்பகுதியினர் சற்றுக் கூடுதலாகவே எண்ணுதல் தகும். சித்திரை வைகாசியில் பகல் வெப்பம் 38 பாகையைக் கடப்பது இங்கு அரிதன்று. வீட்டு வகை நினைவகம், குறித்த அளவு முழுவதும் எழுதித் தேய்ந்த பின்னும், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு செய்தியைக் காக்கவேண்டும் என்பது ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்த அளவு. புதியது இதனினும் மிகப் பல நாள் காக்கும். ஆயினும் வெப்பம் ஏற ஏறச் சிறைப்பட்ட மின்னணுக்கள் விரைந்து கசியும். ஆகவே படங்களை இதில் ஏற்றி, தகரக் கூரையின்கீழ் இரும்புப் பீரோவில் பல ஆண்டு பூட்டிவைத்தல் பொருந்தாது. சில திங்களுக்கு ஒருமுறை கணினியில் இணைத்து உள்ளவற்றைத் திறந்து பார்ப்பது நலம்.

கடைக்குச் செல்வோர், உற்பத்தியாளரின் பெயர், முழு மாதிரி எண், உத்தரவாத ஆண்டு ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குவர். ஐந்தாண்டு உத்தரவாதம் தருபவர் தம் பொருளைத் தாமே ஓரளவு நம்புகின்றனர் என்று கொள்ளலாம். ஆயினும் உத்தரவாதம் கருவிக்கே அன்றி, உள்ளிருக்கும் செய்திக்கன்று. வீடு வந்ததும், எஃப்3 போன்ற விலையில்லா மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்க வேண்டும். ஸ்மார்ட் எனப்படும் உடல்நலக் குறிப்பில், இயங்கிய மணி நேரம் புதியதற்குரியவாறு மிகச் சிலவாக உள்ளதா என்று காண்க. பல்லாயிரம் மணி காட்டுமாயின், அது வேறெங்கோ உழைத்துத் திரும்பிய பழம்பொருள். ரசீதுடன் மறுநாளே திருப்புக.

அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன் கணினிகளில் இயங்கும் திண்ம நினைவகங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டுள்ளது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றையொட்டியே அவை பழுதாகின்றன என்பது அக்கணக்கு. குறைவுதான், ஆனால் அந்த ஒன்று எவர் வீட்டில் இருக்கும் என்று முன்னறிய வழியில்லை. பனையோலைச் சுவடி செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்த முன்னோர் முறை இங்கும் பொருந்தும். அதற்குத் தனியே பெருஞ்செலவும் வேண்டா. மடிக்கணினியிலிருந்து கழற்றிய பழைய வன்தட்டை எறிந்துவிடாமல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. உறையில் இட்டால், அதுவே படி வைக்கும் இடமாகும். திங்களுக்கு ஒருமுறை புதியவற்றை அதில் ஏற்றி, கணினி இருக்கும் அறையில் வைக்காது, உறவினர் வீடொன்றில் வைப்பர் அறிந்தோர்.