புது ஸ்கூட்டர் வாங்கியாச்சா? வண்டியை அலங்கரிக்கும் முன் இதைப் படிங்க!

ஷோரூம் வாசலில் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு ஒரு புது ஸ்கூட்டர் வருகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஸ்கூல், ஆபீஸ், மார்க்கெட், அம்மா வீடு... இனி பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்க வேண்டாம்!

டெலிவரி எடுக்கும் அன்றைக்கு ஷோரூமில் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். சீட் கவர், ஃப்ளோர் மேட், கலர் ஸ்டிக்கர், குரோமியம் பட்டை, கூடுதல் ஹாரன்... "எல்லாத்தையும் போட்டுடுங்க சார்" என்று சார் தலையாட்டி விடுவார். கடைசியில் ஹெல்மெட் என்று வரும்போது மட்டும், "அது வெளியில சீப்பா கிடைக்கும், பார்த்துக்கலாம்" என்பார். வண்டியின் உடம்பில் கீறல் விழாமல் இருக்க ஆயிரக்கணக்கில் செலவு. ஓட்டுகிறவரின் உடம்புக்கு? இங்கேதான் நம் கணக்கு தப்புகிறது.

வண்டி யாருக்கு?

பல வீடுகளில் வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தினமும் ஓட்டுகிறவர் இன்னொருவர். கணவர் போய் நிறம் பார்த்து புக் செய்துவிட்டு வருவார். மனைவி ஏறி உட்கார்ந்தால் கால் கட்டைவிரல்தான் தரையில் படும். 110 சி.சி. ஸ்கூட்டர்கள் பலவற்றின் எடை 100 கிலோவைத் தாண்டும். இருக்கை உயரம் ஏறத்தாழ 76 செ.மீ. சிக்னலில் நிற்கும்போது இந்த எடை ஒரு பக்கம் சாய்ந்தால், அதைத் தாங்கப்போவது உங்கள் முழங்காலும் இடுப்பும்தான்.

ஆகவே ஓட்டப்போகிறவரே நேரில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் அழுந்தப் பதிய வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். பிரேக் பிடி விரல்களுக்கு எட்ட வேண்டும். குட்டையான விரல்கள் உள்ளவர்களுக்கு இது முக்கியம். எட்டாத பிரேக்கை எட்டிப் பிடித்துப் பிடித்தே மணிக்கட்டு வலி வந்துவிடும். உயரம் ஒத்துவரவில்லை என்றால் வேறு மாடல் பாருங்கள். மெத்தென்ற சீட் கவரை மேலே போட்டால் உயரம் இன்னும் ஏறத்தான் செய்யும்!

இன்னொன்று, சென்டர் ஸ்டாண்ட். இதைப் போடும்போது 'சுருக்'கென்று முதுகு பிடித்துக்கொள்வது பலருக்கு நடக்கிறது. காரணம், வண்டியைக் கையால் தூக்குகிறார்கள். தூக்கவே கூடாது. இடது கையில் ஹேண்டில், வலது கையில் பின்பக்கக் கைப்பிடி. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்படி அழுத்தி, உங்கள் முழு எடையையும் அந்தக் காலில் ஏற்றி மிதியுங்கள். வண்டி தானாகப் பின்னால் ஏறிக்கொள்ளும். டெலிவரி அன்றைக்கே ஷோரூம் பையனிடம், "தம்பி, ஒரு தடவை செஞ்சு காட்டுப்பா" என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது?

எது அலங்காரம், எது அவசியம்?

அவசியம் என்று பார்த்தால் பட்டியல் சின்னதுதான். இரண்டு பக்கக் கண்ணாடி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் 'ஸாரி கார்டு'. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சில இளவட்டங்கள் "பார்க்க நல்லால்ல" என்று முதல் வேலையாக இதைத்தான் கழற்றி எறிகிறார்கள். மகன் கழற்றி வைத்த வண்டியில் அம்மா சேலையோடு உட்காருவார்!

சேலையைவிட ஒரு படி மேலே பயப்பட வேண்டியது துப்பட்டா. கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவின் நுனி பின்சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும்? சக்கரம் சுற்றச் சுற்றத் துணி இறுகும். கழுத்து நொடியில் பின்னால் இழுபடும். மூச்சுக்குழல் நசுங்குவது, கழுத்து எலும்பு முறிவது, உயிரே போவது என்று நம் நாட்டு மருத்துவ இதழ்களில் இதைப் பற்றிக் கட்டுரைகளே வந்திருக்கின்றன. இத்தனைக்கும் இதைத் தவிர்க்கச் செலவு எதுவும் இல்லை. துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வையுங்கள், அல்லது மேலே ஒரு கோட் போட்டுப் பட்டன் போடுங்கள். வெறும் முடிச்சை நம்ப வேண்டாம். சேலை என்றால் முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டும் அப்படித்தான். போர்வை மாதிரி காற்றில் பறக்கிற வகை வேண்டாம், சட்டை-பேன்ட் வகையே நல்லது. பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பது கூடவே கூடாது. காற்று குடையை இழுத்தால் ஆளும் கூடவே போய்விடுவார்.

இனி ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். தலையில் மாட்டி, வார் போட்டு, இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டோடு கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர்ந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது உங்களுக்கு இல்லை. வாருக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான அடுக்குதான் அடியை வாங்கி, தான் நசுங்கி, மண்டையைக் காப்பாற்றுகிறது. ஒரு முறை நசுங்கினால் திரும்ப எழாது. அதனால் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். முடி கொட்டுகிறது என்கிறீர்களா? வியர்வையோடு அழுக்கு உள்துணியை மாட்டுவதால் அரிப்பு, பொடுகு வரலாம். தலைக்கு மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு மாட்டுங்கள், உள்துணியை அடிக்கடி துவையுங்கள். ஈரத்தலையோடு போடாதீர்கள்.

குட்டிப்பாப்பா எங்கே?

முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப் போவதுதான் நம் ஊர் வழக்கம். "காத்து வாங்கிட்டு ஜாலியா வருவான்" என்பார்கள். சடன் பிரேக் போட்டால் அந்தப் பிஞ்சு முகம் மோதுவது நேராக ஸ்பீடோமீட்டரில். அதற்கு மேல் அம்மாவின் எடையும் வந்து அழுத்தும். முன்னால் பொருத்தும் குட்டி நாற்காலியும் இந்த ஆபத்தை நீக்கிவிடாது. அதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டி, அதன் தலைக்கேற்ற ஹெல்மெட் போட்டு, 40 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் போக வேண்டும். நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட். அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை என்றால் சட்டத்தின் கணக்கில் அது மூன்று பேர். பிள்ளையின் கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டாவிட்டால் குதிகால் சக்கரத்தில் சிக்கித் தோலும் சதையும் கிழிய வாய்ப்புண்டு. எனவே ஷூ போட்டுக் கூட்டிப் போங்கள்.

ஃபுட்போர்டில் காஸ் சிலிண்டரும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் ஏற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால் வைக்க இடமில்லாமல் இரண்டு காலையும் விரித்துத் தொங்கவிட்டு ஓட்டினால், அவசரத்துக்கு வண்டியை எப்படித் தாங்குவீர்கள்?

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புது வண்டியை முதலிலேயே விரட்டக் கூடாது. இன்ஜினுக்குள் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பழக வேண்டும். மிதமான வேகம், அதிலும் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுவது நல்லது. இது வண்டிக்கு. உங்களுக்கும் இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. புது டயரின் மேற்பரப்பு வழுக்கும், புது பிரேக்கும் உடனே நன்றாகப் பிடிக்காது. அதனால் முதல் சில நாட்கள் மழையிலும் வளைவிலும் கூடுதல் நிதானம் வேண்டும்.

முதல் சர்வீஸ் 500 முதல் 1000 கி.மீ.க்குள் அல்லது ஒரு மாதத்துக்குள் வரும். சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். "ஃப்ரீ சர்வீஸ்னு சொன்னாங்க, பில் போடறாங்களே!" என்று சண்டைக்குப் போகாதீர்கள். இலவசம் என்பது பெரும்பாலும் கூலிக்கு மட்டும்தான், ஆயிலுக்குக் காசு உண்டு. அந்த ஆயிலை மாற்றாமல் விடவும் கூடாது, தேய்மானத்தில் வந்த உலோகத் துகள் அதில்தான் இருக்கும். சர்வீஸ் முடிந்ததும் அங்கேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "அண்ணே, பிரேக் ரொம்ப உள்ளே போகுது, டைட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

டயர் காற்றை வாரம் ஒரு முறை பாருங்கள். காற்று அளவுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேரே முதுகெலும்புக்கு வரும். குறைந்தால் வண்டி இழுபடும், வளைவில் தடுமாறும். ஒருவர் போகும்போது ஒரு அளவு, இருவர் போகும்போது பின்டயருக்குக் கூடுதல் அளவு. இதுவும் கையேட்டிலேயே இருக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் வேகத்தைக் குறைத்து ஏறுங்கள். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறுவதே சரி.

சைலன்ஸர் சூடு

வண்டி வந்த புதிதில் வீட்டுக் குழந்தைகளுக்கு நேருகிற முதல் காயம் பெரும்பாலும் இதுதான். நிறுத்திய வண்டியைச் சுற்றி விளையாடும்போது கெண்டைக்காலில் 'சுரீர்' என்று ஒட்டிவிடும். பல ஸ்கூட்டர்களில் சைலன்ஸர் வலப்பக்கம் இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கமாகவே என்று பழக்குங்கள். வண்டியைச் சுவர் ஓரமாக, சைலன்ஸர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள்.

சுட்டுவிட்டால் உடனே குழாயடியில் காட்டுங்கள். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, காபித்தூள், மாவு எதுவும் அப்பக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், தோல் வெளுத்தோ கருகியோ போனாலும், சுட்டது சர்க்கரை நோய் உள்ளவர் காலில் என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.