மருந்தைத் தேடும் முன் மரத்தைப் பாருங்க

வீட்டுத் தோட்டத்தில் மா, எலுமிச்சை, தென்னை, முந்திரி என்று நாலு கன்று வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு இலையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "சார், இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது மூணு கேள்விதான். பாதிப்பு கொழுந்திலா, முத்தின இலையிலா? இலைக்கு அடியில் என்ன இருக்கு? தூர் ஈரமா, காய்ஞ்சிருக்கா?

பெரிய மரம் நாலு கிளை போனாலும் தாங்கும். இரண்டு வயசுக் கன்றுக்கு இருப்பதே சில கொழுந்துதான். கணிப்பு தப்பினால் கன்றோடு அந்த இரண்டு வருஷமும் போயிடும்.

பூச்சியா, பசியா?

அடியில் இருக்கும் பழைய இலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு என்று முதலில் நினைங்க. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மட்கிய எருவும் மூடாக்கும்தான் இங்கே மருந்து.

மண் ஈரமாக இருந்தும் கன்று வாடினால் மேலும் தண்ணீர் ஊற்றாதீங்க. வேர் மூச்சுத் திணறுது. வடிகால் வெட்டி விடுங்க. கொய்யா வாடினால் ஓரமாகத் தோண்டி வேரைப் பாருங்க. மணிமணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. இலையில் எதைத் தெளித்தும் பயன் இல்லை.

வெட்டின தடயம்

மாங்கன்றில் கொழுந்து இலைகள் கத்தரிக்கோலால் நறுக்கினது போல் கீழே கிடந்தால் ஆட்டையோ காற்றையோ சந்தேகப்பட வேண்டாம். இலை வெட்டும் வண்டு முட்டை வைத்த பிறகு இலையை நறுக்கித் தள்ளுது. விழுந்த இலைக்குள் புழு வளர்ந்து மண்ணுக்குள் போகும். அதனால் தினமும் அந்த இலைகளைப் பொறுக்கி எரித்தாலே பாதி வேலை முடிந்தது.

எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போனால் இலைத்துளைப்பான். பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்க, நகரும்! அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. கையால் எடுத்தாலே போதும்.

தென்னை மட்டை விரியும்போது முக்கோண வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு. ஆனால் அந்த வெட்டு பழைய கணக்கு. மட்டை குருத்தாக இருந்தபோது விழுந்தது. இன்றைய நிலையை அறிய குருத்தடியைப் பாருங்க. ஈரமான சக்கை வெளியே தள்ளியிருந்தால் வண்டு உள்ளேதான் இருக்கு. கம்பிக் கொக்கியால் எடுத்துவிட்டு, ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணல் கலந்து குருத்தடி மட்டை இடுக்கில் போடுங்க. வண்டு பெருகும் இடம் எருக்குழி. அதையும் கிளறிப் புழுக்களைப் பொறுக்கணும்.

முந்திரித் தளிரில் கரும்புள்ளி விழுந்து நெருப்பு பட்டது போல் காய்ந்தால் தேயிலைக் கொசு. இது வேப்ப மரத்திலும் தங்கும். பக்கத்து வேப்பங்கொழுந்து கருகியிருக்கான்னு பாருங்க.

எறும்பு காட்டும் வழி

தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஏதோ ஒன்று இருக்கும். இலை கறுத்துப் போனால் பலர் நோய் என்கிறார்கள். உறிஞ்சும் பூச்சிகள் விடும் தேன் போன்ற கழிவில் வளரும் பூஞ்சணம் அது. தென்னையில் சுருள் வெள்ளை ஈயால் இதுதான் நடக்குது. கறுப்பு போக லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் காய்ந்து உதிரும். பூச்சிக்கு வேறு வழி பார்க்கணும்.

எப்போது தெளிப்பது?

பூச்சியோடு பொறிவண்டும் இருந்தால் ஒரு வாரம் பொறுங்க. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி எந்த விஷத்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் விட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது. தேவையில்லாமல் தெளித்தால் முதலில் சாவது இந்த மாதிரி நண்பர்கள்தான்.

நன்மை செய்யும் பூச்சி ஒன்றும் இல்லை, கொழுந்து மேலும் மேலும் கெடுது என்றால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிங்க. மூணாம் நாள் அதே கொழுந்தைத் திரும்பப் பாருங்க. புதுச் சேதம் இல்லையென்றால் கன்று தேறிவிடும். இருந்தால், அடுத்த கரைசலைத் தேடாமல் முதல் மூணு கேள்விக்கே திரும்பி வாங்க.