கருப்பெழுத்தும் நம் புள்ளியும்

மட்டாஞ்சேரியில் எங்கள் சங்க விழா ஒன்றுக்கு பேனர் அடிக்கக் கொடுத்திருந்தோம். கம்பீரமா இருக்கட்டும் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, கணினிக்காரப் பையன் சங்கத்தின் ஆங்கிலப் பெயரைத் தடித்த ‘ஓல்டு இங்கிலீஷ்’ எழுத்தில், முழுக்கப் பெரிய எழுத்தாகவே போட்டுவிட்டான். ஒருவராலும் படிக்க முடியவில்லை. “என்ன சார் இது, சர்ச் போர்டா?” என்றார் ஒரு பெரியவர். அந்த எழுத்தின் குணம் தெரியாமல் கேட்டவர்கள் நாங்கள்தாம்.

காதிக், பிளாக்லெட்டர் என்றெல்லாம் வழங்கும் இதைக் கருப்பெழுத்து எனலாம். அகன்ற முனையுள்ள இறகுப் பேனாவால் ஐரோப்பியர் ஏடெழுதிய கையெழுத்தே இதற்கு மூலம். கோடுகள் தடித்து, ஒடிந்து, நெருக்கியடித்து நிற்கும். 1455 வாக்கில் ஜெர்மனியில் கூட்டன்பர்க் பைபிளை அச்சிட்டபோது இந்தக் கையெழுத்தையே ஈயத்தில் வார்த்தார். இதன் பெரிய எழுத்துகள் சொல்லின் முதலில் நிற்பதற்காக வரையப்பட்டவை. அடுத்தடுத்து வைத்தால் முள்வேலிதான். நியூயார்க் டைம்ஸ், நம் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் ஆகியவற்றின் முகப்பைப் பாருங்கள், சொல்லுக்கு ஒரு பெரிய எழுத்தோடு நிறுத்தியிருப்பார்கள்.

இதை நாஜி எழுத்து என்று நினைப்பவர் பலர். ஹிட்லர் ஆட்சியோ 1941 ஜனவரியில் ‘யூத எழுத்து’ என்று பொய்ப்பழி சூட்டி இதை விலக்கியது! 1568இல் கட்டிய யூதர் கோயில் இருக்கும் ஊரில் வாழும் நமக்கு இது வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது.

சிறிய எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஐ, எம், என், யு எல்லாமே ஒரே மாதிரிக் குத்துக்கோடுகள். ‘மினிமம்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால் பதினைந்து கோடு வரிசையாக நிற்கும். இந்தக் குழப்பம் தீரவே பழைய ஏடெழுதுவோர் ‘ஐ’யின் தலையில் ஒரு கீற்று இட்டனர்; அதுவே பிறகு புள்ளியாயிற்று.

நமக்கோ தொல்காப்பியமே மெய்க்குப் புள்ளி சொல்லிவிட்டது. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி இதே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. கூட்டன்பர்க் போலவே இங்கும் கையெழுத்தைப் பார்த்துத்தான் அச்செழுத்து வார்த்தார்கள், ஆகவே புள்ளியும் இல்லை. ‘எரி’ என்று இருந்தால் நெருப்பா, நீர்நிலையா என்று இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகாரத்துக்குக் கால் இழுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். மெய்ப்புள்ளியும் பின்னால் அச்சில் நிலைத்தது.

பேனரின் தமிழ் வரிக்கு வருகிறேன். அதையும் தடிமனாக்கியதில் புள்ளிகள் எழுத்தின் தலையோடு ஒட்டிப்போயின. மலையாளப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் கற்கும் என் பேத்தி எழுத்துக்கூட்டி “தமிழச சஙகம” என்று வாசித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணில் பட்டதைத்தானே படித்தாள்? இப்போதெல்லாம் அச்சுக்குப் போகுமுன் பத்தடி தள்ளி நின்று புள்ளிகளை எண்ணிப் பார்த்துவிடுகிறேன்.